பேருந்திடம் மன்னிப்புக் கேட்டவர்

பேருந்திடம் மன்னிப்புக் கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

காரைக்குடியில், திருப்பத்தூர் ரோட்டின் மேல் அவருடைய பட்டறை. கார்களுக்கும் வேன்களுக்கும் பெயிண்ட் அடிக்கிற பட்டறை. வாசலுக்கு நேர் எதிரே ஒரு வேகத்தடை. பேருந்துகள் அதில் ஏறி இறங்கும் அந்த நாலு நொடியில், ஜன்னலோரம் இருப்பவர்களுக்குப் பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாசம் குப்பென்று அடிக்கும். ஒருநாள் அப்படி ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இவர் கையிலிருந்த ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தார். பெயிண்ட் அப்பிய இரண்டு கைகளையும் கூப்பினார். அந்தப் பெண் பார்க்கவில்லை. பேருந்தின் பின்பக்கம் மட்டும்தான் பார்த்தது.

"யாரைண்ணே கும்புடுறீக?" என்றேன்.

"பாவம், ஊருக்குப் போற புள்ள. நம்மளால தலைவலியோட போகுதுல்ல."

அவர் அப்படித்தான். தன்னால் இன்னொருவருக்கு ஒரு துளி சிரமம் என்றால் தாங்கமாட்டார். எதிரே இருந்த சலூன்காரர் வெள்ளைத் துண்டுகளைத் துவைத்து நடைபாதைக் கயிற்றில் காயப்போடுவார். துண்டுகள் காயும்வரை இவர் பெயிண்ட் அடிக்கமாட்டார், பொட்டுப் பொட்டாகப் பறந்து ஒட்டிவிடுமாம். அதுவரை உப்புத்தாளை வைத்துக்கொண்டு, வண்டியின் பள்ளங்களில் பூசிய பட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். சலூன்காரர் அங்கிருந்தே கத்துவார்: "யோவ், இன்னிக்கு மேகமூட்டம். துண்டு காய சாயங்காலம் ஆகும். நீ வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு வா!"

இருமல் வந்தால் பட்டறைக்குப் பின்னால் போய் இருமிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வருவார். "வந்தவுக முன்னால இருமுனா நல்லாருக்குமா?"

என்னைவிட இருபத்தைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் என்னை ஒருநாள்கூட நீ என்று சொன்னதில்லை. "சும்மா வா, போன்னு சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சியிருக்கிறேன். "சரி தங்கச்சி, இனிமே அப்படியே சொல்றேன். டீ குடிக்கிறீகளா?" என்பார்.

இப்போது என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தப்பிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

நான் அப்போது எம்.எஸ்ஸி. வேதியியல், கடைசி செமஸ்டர். ஒரு விஷயத்தைப் பாதி படிப்பதற்குள் அதைப் பற்றி நாலு பேருக்கு வகுப்பெடுத்துவிடும் ரகம். என் புராஜெக்ட், ஊர்க் காற்றில் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் நேரத்துக்கு நேரம், மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகின்றன என்பது. பெயர்தான் பயமுறுத்தும். பெட்ரோல், பெயிண்ட், வார்னிஷ், பசை, சென்ட் என்று மூடியைத் திறந்ததும் மூக்குக்கு வருகிறதே, அந்த ஆவிகள்தான். காலையில் வண்டிகள் கிளம்பும்போது காற்று தரையோடு தரையாகப் படுத்திருக்கும், அதனால் அளவு ஏறும். வெயில் ஏற ஏறக் காற்று மேலெழும்பிக் கலையும், வெளிச்சமும் அந்த ஆவிகளை உடைக்கும், அளவு இறங்கும். சாயங்காலம் மறுபடி ஏறும். வருடக் கணக்கில் பார்த்தால் இன்னொரு மாற்றமும் உண்டு. பெரிய நகரங்களில் வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திவர, பெயிண்டும் பசையும் வாசனைத் திரவியங்களும் காற்றில் அதிகப் பங்கு கேட்க ஆரம்பித்திருக்கின்றன என்று படித்திருந்தேன். நம் ஊரில் எப்படி? கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

திருப்பத்தூர்ப் பக்கத்தில் எங்கள் வயல். அப்பா வரப்பில் நின்றபடி கேட்டார்: "காத்தை அளக்கவா ஆத்தா தெனம் பஸ்ஸேறிப் போற? இங்க வயக்காட்டுல வேணுங்குற மட்டும் அடிக்குதே, இதை அளந்தா ஆகாதா?"

கருவியை நானே செய்தேன். ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். சூடான கம்பியால் போட்ட ஓட்டைகள். உள்ளே சென்சார், கணக்கைச் சேமிக்க ஒரு மெமரி கார்டு. மேலே ஒரு சின்ன விளக்கு. காற்று சுத்தமாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. ஆராய்ச்சிக்கு அந்த விளக்கு தேவையே இல்லை. அழகுக்காக வைத்தேன். பிறகு நடந்த அத்தனைக்கும் அந்த அழகுதான் காரணம்.

வண்டிப் புகையும் பெயிண்ட் ஆவியும் ஒரே இடத்தில் கலக்க வேண்டும் என்று தேடித்தான் அவர் பட்டறையைப் பிடித்தேன். கூரை விளிம்பில் பெட்டியை மாட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். "இதுக்கெதுக்கு தங்கச்சி கேக்குறீக?" என்று அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார், கரண்டும் கொடுத்தார். முதல் நாளும் இரண்டாம் நாளும் முழுக்கப் பட்டறையிலேயே உட்கார்ந்து கவனித்தேன். பேருந்து சம்பவம் அப்போது நடந்ததுதான். அந்த இரண்டு நாளில் நான் ஏணியேறிப் பெட்டிப் பக்கம் போனபோதெல்லாம் அளவு எகிறியது. காரைக்குடியின் காற்றில் ஏதோ மர்ம ஆவி இருப்பதாகக் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். பிறகுதான் தெரிந்தது, அது என் பாடி ஸ்பிரே.

மூன்றாம் நாள் காலை அவர் ஒரு அம்பாசடருக்குப் பிரைமர் அடித்தார். பெட்டியில் சிவப்பு எரிந்தது. அன்றுதான் முதல்முறையாக அதை நிமிர்ந்து பார்த்தார்.

"செவப்பு எரியுதே தங்கச்சி. அது நல்லதா, கெட்டதா?"

"கெட்டதுண்ணே. பச்சை எரிஞ்சாத்தான் நல்லது."

"ஓ" என்றார். அவ்வளவுதான். என் வாழ்க்கையிலேயே மோசமான அந்த வாக்கியத்தை, வாயில் அவர் வாங்கிக் கொடுத்த பஜ்ஜியோடு சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு வகுப்புகள் தொடங்கிவிட்டன. காலையில் ஒன்பது மணிக்கு வந்து கார்டை மாற்றுவேன், நாலு மணிக்கு வந்து எட்டிப் பார்ப்பேன். இரண்டு நேரமும் பச்சை எரியும். அவர் விளக்கைக் காட்டி, பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

வரைபடம் பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. தை மாதத்தில் முதல் வாரம் பதினொரு மணிக்குக் கோபுரம் மாதிரி நின்ற கோடு, இரண்டாம் வாரத்தில் குன்றானது. மாசியில் மேடு, பங்குனியில் தரை. பெயிண்ட் பட்டறையின் வாசலில் பெயிண்ட் ஆவி இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்குச் சந்தேகம் வரவில்லை. கோட்பாடு வந்தது.

அதற்கு 'முற்றவெளி விளைவு' என்று பெயரும் வைத்தேன். செட்டிநாட்டு வீடுகளின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறதல்லவா? வெயில் ஏறினால் முற்றத்துத் தரை சுடும். சூடான காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்பத் தெருக்காற்று உள்ளே இழுபடும். ஆக, ஒவ்வொரு பெரிய வீடும் ஒரு புகைபோக்கி. வெயில் கூடக் கூட வீடுகள் எல்லாம் சேர்ந்து ஊரின் கெட்ட காற்றை உறிஞ்சி வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. இதை நிரூபிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் போய், பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளை வெளியிலிருந்தே படம் எடுத்தேன். முற்றம் உள்ளே இருந்தது. நான் எடுத்தது வாசற்கதவை.

துறைக் கருத்தரங்கில் அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினேன். கைதட்டினார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "ஏம்மா, பட்டறைக்காரர் வேலைக்கு வர்றாரா?" என்று கேட்டார். "தினமும் வர்றாரு மேடம்" என்றேன், அந்தக் கேள்வியின் எளிமையைக் கண்டு உள்ளூரச் சிரித்தபடி.

தடயங்கள் கண்ணெதிரேதான் இருந்தன. சலூன்காரர் ஒருநாள், "இப்பல்லாம் ஒங்க அண்ணன் ஷட்டரை எறக்கிட்டுல்ல வேலை பாக்குறாப்ல" என்றார். தூசி படாமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண்கள் சிவந்திருந்தன. வெயில் என்று நினைத்தேன். பேசிக்கொண்டே இருந்தவர் என் பெயரை மறந்து தடுமாறினார். வயது என்று நினைத்தேன். அடிக்கடி பின்பக்கம் போய் இருமிவிட்டு வந்தார். அதைப் பற்றி எதுவுமே நினைக்கவில்லை. என் டிபன் பாக்ஸ் காற்றில் ஒரு துளி மாற்றத்தையும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தது. நான் அதற்குக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

புராஜெக்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது கல்லூரியில் விளையாட்டு விழா. எனக்கும் விளையாட்டுக்கும் ஆகாது. மதியம் ஒரு மணிக்கே பட்டறைக்கு வந்துவிட்டேன். பங்குனி வெயில். ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது. அதன் அடி இடுக்கில் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்து அடைத்திருந்தது. உள்ளே கம்ப்ரஸர் ஓடும் சத்தம். மேலே பெட்டியில் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டுத் தூக்குடன் அவர் மனைவி நின்றிருந்தார். ஷட்டரைத் தட்டித் தட்டிக் கை சிவந்திருந்தது. அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை.

"ஏத்தா, நீதானே அந்தப் பொட்டிக்காரப் புள்ள?"

"ஆமா மதினி. அண்ணன் ஏன் ஷட்டரை..."

"ஏனா? என்னையக் கேக்குறியா? ஒன் பொட்டிக்கு வாசம் பட்டுறக்கூடாதாம். செவப்பு எரிஞ்சா ஒனக்கு மார்க்கு போயிருமாம். பின் ஜன்னலையும் பிளெக்ஸ வச்சு அடைச்சு, ரெண்டு மாசமா இதே கூத்து. ராவுல தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்காக. கேட்டா, 'அந்தப் புள்ள பச்சையைப் பாத்தா சிரிக்குது, இன்னும் கொஞ்ச நாளுதானே'ங்கிறாக. என்னத்தா படிக்கிற நீ?"

என்ன படித்தேன் என்று எனக்கும் அந்த நிமிடம் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், மூடிய தகரக் கொட்டகையில், கொதிக்கிற வெயிலில், அத்தனை தின்னர் ஆவிக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது. கம்ப்ரஸர் மோட்டாரில் ஒரு பொறி கிளம்பினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதற்கு மட்டும் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

இருவரும் சாக்கை இழுத்துப் போட்டோம். சலூன்காரர் கத்திரிக்கோலோடு ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினார். உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. வண்டியில் சாய்ந்தபடி நின்றிருந்தவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். நாலு அடி நடந்து வந்தார். முழங்கால் மடங்கி வாசலில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. மதினி அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். உள்ளே இருந்த ஆவியெல்லாம் வெளியே வந்ததில் பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. மெல்ல இரண்டு கைகளையும் சேர்த்தார்.

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி. இன்னிக்கு எரிஞ்சிருச்சு."

அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். அப்போதும் முகமூடியை விலக்கி, பக்கத்துக் கட்டில்காரரிடம், "சத்தம் தொந்தரவா இருக்கா?" என்று கேட்டவரை மதினி அதட்டிப் படுக்கவைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். "இப்படி மூடிவச்சு அடிக்கச் சொல்லி யாருங்க சொன்னது?" கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்தார். காட்டிக்கொடுக்க மாட்டார். நானே கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவதுபோல.

மறுநாள் பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாதக் கணக்கும் செல்லாது என்றேன். ஊர்க் காற்று என்று நான் வரைந்த கோடு, ஒருவர் எனக்காகத் தன் நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்டதுபோக மீதி.

அவர் என் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "முற்றவெளி விளைவு என்னாச்சு?" என்றார்.

"முற்றம் இருக்கு மேடம். விளைவுதான் இல்லை."

மூன்று வாரம் கூடுதலாக வாங்கிக் கொடுத்தார்.

நாலாம் நாள் அண்ணன் பட்டறைக்குத் திரும்பினார். டாக்டர் சொன்னபடி ஷட்டர் பாதிகூட இறங்கக் கூடாது, முகமூடி போட வேண்டும் என்று மதினி சத்தியம் வாங்கியிருந்தார். பின்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் பேன் மாட்டினோம். ஓடவிட்டதும் அவர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "அங்குட்டு பின்வீட்டுக்காரவுக துணி காயப்போடுவாகளே" என்று அதை நிறுத்திவிட்டார். பக்கத்துத் தகரப் பட்டறை டிங்கர் பழைய டிரம் தகட்டை வளைத்துக் கூரைக்கு மேலே ஒரு குழாய் வைத்துக் கொடுத்த பிறகுதான் மறுபடி ஓடியது. முகமூடியையும் வாடிக்கையாளர் வந்தால் கழற்றிவிடுவார், மூஞ்சியை மூடிக்கொண்டு பேசினால் மரியாதையாக இருக்காதாம். அதனால் வந்தவரைக் கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் கூட்டிப்போய்ப் பேச வேண்டும் என்று மதினி சட்டம் போட்டார்.

எல்லாம் சரி, விளக்கு? கன்னை எடுத்து இரண்டு முறை அழுத்துவார், சிவப்பு எரியும், என்னைப் பார்ப்பார், கன்னை வைத்துவிடுவார். "சிவப்பு எரியட்டும்ணே. எரியிறதைத்தான் நான் எழுதணும். பச்சையா எழுதுனா அது பொய்யி" என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். தலையை ஆட்டுவார். கை ஓடாது. கடைசியில் ஏணியில் ஏறி விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். அன்று முழுதும் நிம்மதியாக வேலை பார்த்தார்.

அதன்பிறகு வந்த வரைபடம் அழகாகவே இல்லை. காலையில் பேருந்துகளோடு ஏறியது, மதிய வெயிலில் இறங்கியது, சாயங்காலம் மறுபடி ஏறியது. நடுவே தினமும் பதினொரு மணியிலிருந்து ஒரு கூர்மையான கோபுரம். அந்தக் கோபுரத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. அவர் ஷட்டரைத் திறந்துவைத்து, மூச்சு விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி.

கடைசி வாரத்தில் ஒருநாள் நாலு மணிக்குப் போனால் பட்டறை பூட்டிக் கிடந்தது. மதினிக்குப் போன் போட்டேன். நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"அமராவதிபுதூர்ல ஒரு கல்யாணத்தா. அவுக நல்லாத்தான் இருக்காக, பந்தில பரிமாறிட்டு நிக்கிறாக. இரு, குடுக்குறேன்."

"தங்கச்சி, சொல்லாம வந்துட்டேனே! இன்னிக்கு ஒங்க கோடு எந்திரிக்காதே?"

"பரவாயில்லைண்ணே, லீவு நாள் கணக்கும் வேணும்தான். நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

மறுநாள் காலை கார்டை எடுத்துப்போய்க் கல்லூரிக் கணினியில் போட்டேன். பதினொரு மணிக்குக் கோபுரம் இல்லை. சரிதான். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு, அதுவரை பார்த்தே இராத ஒரு மலை நின்றது. சென்சார் கொள்ளும் எல்லையைத் தொட்டு, தட்டையாக நின்றது. பட்டறைக்கு ஓடினேன்.

அவர் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கல்யாண வீட்டுலேர்ந்து நேரா இங்குட்டுத்தான் வந்தேன் தங்கச்சி. என்னால ஒங்களுக்கு ஒரு நாள் கோடு கொறையக் கூடாதுல்ல? ஏணியைப் போட்டு, தின்னர் டப்பாவைத் தெறந்து பொட்டிக்குக் கீழயே அஞ்சு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முகமூடி போட்டுக்கிட்டுத்தான் நின்னேன், மதினியக் கேளுங்க."

நான் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தேன். அவர் முகத்தில் கவலை படர்ந்தது.

"ஏன் தங்கச்சி, பத்தலையா? இன்னொரு டப்பா தெறக்கவா?"